நொண்டும் வால்ஸ்

பெர்லோ. இந்தப் பெயரை இப்போது வாய்விட்டுச் சொல்லலாம். இடையில் பல வருஷங்கள் சொல்ல முடியாமல் இருந்தது. நாடோடிகளான எங்கள் மனூஷ் ஆட்களில் ஒருவர் செத்துப்போனால் அவர் பெயரையும் அவரோடு சேர்த்து அனுப்பிவிடுவோம். வீட்டுக்காரி என்றைக்கு அந்தப் பெயரை மறுபடி சொல்கிறாளோ, அன்றைக்குத்தான் மற்றவர்களுக்கும் அது திரும்பி வரும். அதுவரை "அந்த ஆள்", "நம்மாளு" என்று சுற்றி வளைத்துத்தான் பேச்சு. அவர் கட்டிய பாட்டை வாசிக்கக் கூடாது. அவர் ஆசையாகச் சாப்பிட்டதைப் பெண்டாட்டி தொடக் கூடாது. அவர் குடியிருந்த கேரவனையும் துணிமணியையும் எரித்துவிட வேண்டும். இதெல்லாம் மறப்பதற்கு அல்ல, மரியாதைக்கு. செத்தவனை வெறும் வாய்க்கு அவலாகப் போட்டு மெல்லக் கூடாது, அவ்வளவுதான்.

ஊர்க்காரர்களுக்கு இது புரியாது. அவர்கள் செத்தவன் பெயரைக் கல்லில் வெட்டித் தெருமுனையில் நட்டுவிட்டு, மறுநாளே ஆளை மறந்துவிடுவார்கள். போகட்டும், அவரவர் வழக்கம் அவரவருக்கு.

பெர்லோ எங்கள் வயசுக்காரன்தான். ஆகவே அவன், இவன் என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

குதிரை வண்டிகளில் சுற்றிக்கொண்டிருந்த காலத்தில், பிரான்சின் அல்சாஸில் ரைன் ஆற்றங்கரைக் காட்டோரம் பிறந்தவன். பால் பல் விழுவதற்குள் போர் வந்தது. மற்ற குடும்பங்களைப் போலவே அவன் குடும்பத்தையும் பிடித்து, தெற்கே கொண்டுபோய் முள்வேலிக்குள் போட்டார்கள். உள்ளே போனவர்களில் பாதிப்பேர் வெளியே வரவில்லை. அவர்களைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை, இங்கேயும் பேசப் போவதில்லை. திரும்பி வந்த பிறகு அவன் அப்பா செய்த முதல் காரியம், இருந்த ஒரே கழுதையைக் கொடுத்து ஒரு கிட்டார் வாங்கியது. "கழுதை வண்டி இழுக்கும், இது இழுக்குமா?" என்று அவன் அம்மா ஒரு வாரம் சோறு போடாமல் திட்டினாள். இழுத்தது. சும்மா சொல்லக் கூடாது, அந்தக் கிட்டார்தான் அந்தக் குடும்பத்தையே இழுத்தது.

யாரும் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. தம்பி ஹன்ஸோ தாளம் போடுவான், பெர்லோ மேலே பறப்பான். பகலில் இரண்டு பேரும் வீடு வீடாகப் போய் நாற்காலிகளுக்குப் பிரம்பு பின்னுவார்கள், பழைய இரும்பு எடுப்பார்கள், திராட்சை அறுவடைக் காலத்தில் கூடை சுமப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஓபெர்லே பீர்க்கடைக் கூடத்தில் ஜாஸ். அந்தக் கைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: பிரம்பு கிழித்த தழும்பு, திராட்சைக் கத்தி வெட்டிய தழும்பு, விறகுக் கட்டை மாதிரி விரல்கள். அந்த விரல்கள் கம்பி மேல் ஓடும்போது, எதிரே உட்கார்ந்திருப்பவன் பீரைக் குடிக்க மறந்துவிடுவான். ஆற்றுக்கு அக்கரையில் ஜெர்மன் பக்கமிருந்தும் ஆட்கள் வந்து, மூக்கின் மேல் விரல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இன்றைக்கும் ஒருவன் கம்பியை ஓங்கி அடித்துச் சட்டென்று அமுக்கினால், "பெர்லோ அடி அடிக்கிறான்யா" என்றுதான் சொல்வார்கள். எங்கள் ஆள்! நினைத்தால் இப்போதும் நெஞ்சு நிமிர்கிறது.

குறைகளும் இல்லாமல் இல்லை. பெரிய அலங்காரப் பிரியன். மீசைக்கு எண்ணெய் தடவாமல் கேரவனை விட்டு இறங்க மாட்டான். பாரிஸிலிருந்து ஒரு வயலின்காரர் வந்து கையோடு அவனை அழைத்துப்போனார். ஒரு குளிர்காலம் அங்கே வாசித்தான். திரும்பி வந்தபோது காலில் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு ஜோடி புது ஷூ, கையில் சரவிளக்கு ஒன்று. கேரவனில் மின்சாரமே கிடையாது. சம்பளம் எங்கே என்று மின்னா கேட்டதற்கு விளக்கைக் காட்டினான். ஏன் திரும்பி வந்தாய் என்று நாங்கள் கேட்டதற்கு, "தினம் அதே மணிக்கு, அதே இடத்துல, அதே பாட்டு. அது ஜெயிலுடா. ஜெயில நான் சின்ன வயசுலயே பாத்தாச்சு" என்றான்.

மின்னா அவன் பெண்டாட்டி. குதிரை வியாபாரி ஒருவரின் கடைசி மகள். எங்கள் ஆட்களிடம் கல்யாணம் என்றால் பையனும் பெண்ணும் சொல்லாமல் ஓடிப்போக வேண்டும். சில நாள் கழித்துத் திரும்பி வந்து அப்பாவிடம் ஒரு அறை வாங்க வேண்டும். பிறகு எல்லோரும் உட்கார்ந்து குடிக்க வேண்டும். அப்படித்தான் இவர்களும் ஓடினார்கள். ஓடுவதற்கு என்று மின்னா தன் அக்காவின் குதிகால் உயர்ந்த ஷூவைத் திருடிப் போட்டுக்கொண்டு வந்தாள். பீட்ரூட் வயலில் அந்தக் குதிகால் ஒன்று ஒடிந்தது. இரண்டு பேரும் பீருக்குப் போடும் ஹாப்ஸ் கொடியை உலர்த்தும் கொட்டகை ஒன்றில் ஒளிந்துகொண்டார்கள். காலையில் மின்னா தண்ணீர் எடுக்க ஒரு கால் உயரமும் ஒரு கால் குட்டையுமாக நடந்து போனாள். சாக்குமூட்டை மேல் கிட்டாரோடு உட்கார்ந்திருந்த பெர்லோ அந்த நடையை அப்படியே வாசித்துவிட்டான்.

அது ஒரு வால்ஸ், மூன்று மூன்றாக எண்ணிச் சுழன்று ஆடும் பாட்டு. ஆனால் நடுவில் ஒரு இடத்தில் தயங்கி நிற்கும். ஆடுகிறவர்களின் கால் காற்றில் தொங்கும். விழுந்துவிடுவோமோ என்று நினைக்கும்போது, தாளம் பொத்தென்று இறங்கி அவர்களைப் பிடித்துக்கொள்ளும். மின்னா அன்றைக்கு ஒடிந்த ஷூவைக் கழற்றி அவன் தலையைக் குறிபார்த்து எறிந்தாள். குறி தப்பவில்லை. திரும்பி வந்தபோது மாமனார் கொடுக்க வேண்டிய அறையைக் கொடுத்தார். பெர்லோ கன்னம் சிவக்க உட்கார்ந்து அதே வால்ஸை வாசித்தான். மாமனார் ஆடப் போய், அந்த நொண்டல் வந்த இடத்தில் தடுமாறி, தன் மகள் மேலேயே விழுந்து, சிரித்துச் சிரித்து எழுந்திருக்க முடியாமல் கிடந்தார். அதிலிருந்து அவன் இருந்தவரை எங்கள் ஆட்களின் கல்யாணமோ ஓபெர்லே கூடத்து ஞாயிற்றுக்கிழமையோ அந்த வால்ஸ் இல்லாமல் முடிந்ததில்லை.

ஒருமுறை பாரிஸிலிருந்து ஒலிப்பதிவு செய்கிறவர் ஒருவர், கார் நிறைய இயந்திரங்களோடு எங்கள் கேரவன்கள் நிற்கும் திடலுக்கே வந்துவிட்டார். பெர்லோ வாசித்தான், வாசித்தான், சூரியன் உச்சிக்குப் போய் மறுபக்கம் சாயும்வரை வாசித்தான். கேட்ட ஜாஸ் பாட்டெல்லாம் கொடுத்தான். வால்ஸை மட்டும் கொடுக்கவில்லை. அவர் என்னென்னவோ ஆசை காட்டினார். பெர்லோ மீசையைத் தடவிக்கொண்டு சொன்னது இதுதான்: "மிஸ்யே, அது பாட்டு இல்ல. அது மின்னாவோட காலு. பெண்டாட்டி கால எவனாவது விப்பானா?"

மின்னா அடுப்படியிலிருந்து அதைக் கேட்டுவிட்டுக் கேட்காததுபோல முள்ளெலிக் கறியைக் கிளறிக்கொண்டிருந்தாள். முள்ளெலி என்றால் பெர்லோவுக்கு உயிர். சட்டப்படி அதைப் பிடிக்கக் கூடாது என்கிறார்கள். சரி, அந்தப் பேச்சை விடுங்கள். எவ்வளவு பக்குவமாகச் சமைத்தாலும் முதல் வாய் வைத்ததும் "பூண்டு பத்தல" என்பான். முப்பது பல் பூண்டு போட்டாலும் அதே வார்த்தை. பிறகு சட்டியை வழித்து நக்கிவிட்டுத்தான் எழுந்திருப்பான்.

அவன் போனதும் ஒரு திராட்சை அறுவடைக் காலத்தில்தான். கொடி வரிசைக்கு நடுவில் கூடையை இறக்கி வைத்து, "ஒரு சிகரெட் பிடிச்சுட்டு வரேன்" என்று உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. பக்கத்து வரிசையில் இருந்த மின்னா, சிகரெட் வாசனை வரவில்லையே என்று எட்டிப் பார்த்தாள்.

மண்ணில் வைத்துவிட்டு வந்த அன்றே கேரவனுக்குத் தீ வைத்தோம். சட்டைகள், கறுப்பு வெள்ளை ஷூ, சரவிளக்கு எல்லாம் உள்ளே. கிட்டாரை மின்னாவே எடுத்துவந்து படுக்கை மேல் வைத்தாள். பீர்க்கடைக்காரரின் மகன், இப்போது கூடத்தை நடத்துகிற ஓபெர்லே, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு அழுதார். நல்ல மனுஷர், சிறுவயதிலிருந்து அந்தக் கிட்டாரைக் கேட்டு வளர்ந்தவர். அதை மட்டும் தனக்குத் தந்துவிடும்படி கெஞ்சினார். "அவன் கை பட்டத இன்னொருத்தர் கை தடவுறத நான் பாக்கணுமா, மிஸ்யே?" என்று மின்னா கேட்டாள். அவர் விலகி நின்றுகொண்டார். கம்பிகள் சூட்டில் ஒவ்வொன்றாக அறுந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

அன்று சாயங்காலம்தான் அந்த விபரீதம் நடந்தது. ஹன்ஸோவின் மகன் ரினோ, கல்யாணமாகிப் பிள்ளை குட்டி பெற்றவன், கார்ப் படியில் உட்கார்ந்து தன் கிட்டாரை மடியில் வைத்திருந்தான். துக்கத்தில் மனசு எங்கேயோ இருக்க, விரல்கள் தாமாகவே அந்த வால்ஸுக்குப் போய்விட்டன. வேண்டுமென்று செய்யவில்லை. பழகிய கை, வேறு எங்கே போகும்? மின்னா சாம்பல் படிந்த முகத்தோடு வந்து நின்றாள். ரினோவின் கை உறைந்துவிட்டது.

"என் செத்தவங்க மேல ஆணை" என்றாள் மின்னா. "நானா வாய தொறந்து கேக்கற வரைக்கும் இந்தப் பாட்ட நம்ம ஆளுங்க எவனும் வாசிக்கக் கூடாது."

எங்களிடம் செத்தவர் மேல் வைத்த ஆணையைவிடப் பெரிசு ஒன்றும் கிடையாது. போலீஸ்காரரிடம் ஆயிரம் பொய் சொல்வோம், அந்த ஆணையை மீற மாட்டோம்.

மின்னா மனசில் ஒரு வருஷம் என்றுதான் நினைத்தாள். மிஞ்சிப்போனால் இரண்டு வருஷம். அதற்குள் யாராவது வந்து, "அண்ணி, போதும், கேளுங்க" என்பார்கள் என்று காத்திருந்தாள். ஆனால் புருஷனை இழந்தவளிடம் போய் அதைப் பற்றி நாங்கள் வாயெடுக்க மாட்டோம். அது மரியாதை இல்லை. அவள் தானாகச் சொல்லட்டும் என்று நாங்கள் இருந்தோம். யாராவது கேட்கட்டும் என்று அவள் இருந்தாள். இப்படி இரண்டு பக்கமும் மரியாதை பார்த்துப் பார்த்தே வருஷங்கள் ஓடின. உலகத்தில் வேறு யாரும் இப்படி ஒரு முட்டாள்தனம் செய்ய மாட்டார்கள்.

கல்யாணங்கள் நடந்தன. வால்ஸ் வர வேண்டிய இடம் வரும்போது எல்லோரும் குனிந்து சிகரெட் பற்றவைத்துக்கொண்டார்கள். முள்ளெலி சமைக்கிற வீட்டுக்காரிகள் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்து, புகை மின்னாவின் புதுக் கேரவன் பக்கம் போகாதபடி அடுப்பு வைத்தார்கள். மின்னா உருளைக்கிழங்கு தின்றாள். பெயரையும் சொல்லவில்லை.

அவளுக்கு எரிச்சல் ஊட்டிய விஷயம் ஒன்று இருந்தது. ரினோவும் மற்ற பையன்களும் திடலில் அங்கங்கே கிட்டாரை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். வலது கையில் சிகரெட் புகைந்துகொண்டிருக்கும், அல்லது அது சும்மா தொடை மேல் கிடக்கும். ஒரு சத்தமும் வராது. இவள் பக்கத்தில் வந்தால் சட்டென்று நிமிர்ந்து உட்காருவார்கள். "கிட்டார கைக்குழந்தை மாதிரி மடியில வச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கானுங்க. தடிமாடுங்க. அந்த ஆள் இருந்தா இப்படி ஒரு சோம்பேறித்தனம் உண்டா?" என்று ஹன்ஸோவின் பெண்டாட்டியிடம் பொருமினாள். அவள் பாட்டுக்குத் துணியைக் காயப்போட்டாள்.

வால்ஸ் மின்னாவுக்குள்ளே மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. காலையில் காப்பி போடும்போது மனசுக்குள் அதை முதலிலிருந்து கடைசிவரை ஓட்டிப் பார்ப்பாள். ஒரு நாள் ஓட்டிக்கொண்டே வந்து அந்த நொண்டல் இடத்தில் நின்றாள். கால் காற்றில் தொங்கியது. எந்தச் சுரத்தில் இறங்க வேண்டும் என்று தெரியவில்லை. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். மறுபடி அதே இடத்தில் தொங்கினாள். காப்பி பொங்கி அடுப்பில் வழிந்தது.

அன்றைக்குத்தான் அவளுக்குப் பயம் பிடித்தது. தனக்கே மறந்துவிட்டது என்றால் இந்தத் தடிமாடுகளுக்கா நினைவிருக்கும்? ஒலிப்பதிவும் கிடையாது. கேட்காமல் இருக்கும்வரை அது எங்கேயோ இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளலாம். கேட்டு, ஒருவரும் வாசிக்கத் தெரியாமல் விழித்தால்? அப்போது பெர்லோ இரண்டாம் தடவை செத்துப்போவான். அதுவும் தன் வாயால். இந்த நினைப்பு வந்த பிறகு அவளால் கேட்கவும் முடியவில்லை, கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

அந்தச் சமயத்தில் ஓபெர்லே ஒரு நாள் கேக் பொட்டலத்தோடு வந்தார். பழைய கூடத்தை இடித்துப் புதிதாகக் கட்டிவிட்டதாகவும், நகராட்சிக்காரர்கள் சேர்ந்து அதற்கு மின்னாவின் புருஷன் பெயரையே வைக்க முடிவு செய்திருப்பதாகவும் சொன்னார். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் கால் மாற்றி நின்றார்கள். ஹன்ஸோ முகம் கறுத்துவிட்டது. மின்னாவின் அனுமதி இல்லாமல் அந்தப் பெயர் வாசல் மேல் தொங்குவதா? மழையும் நாயும் படிக்கும்படியா? மின்னா உதட்டைக் கடித்துக்கொண்டு, எழுதியதைக் காட்டச் சொன்னாள். அவர் ஒரு காகிதத்தை விரித்து உரக்கப் படித்தார்.

"ழோசெஃப் அன்டோன் அரங்கம்."

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பிறகு மின்னா சிரிக்க ஆரம்பித்தாள். அது அரசாங்கக் காகிதத்துக்காக வைத்த பெயர். ஊர்க்காரர்களுக்கும் போலீசுக்கும் ஒரு பெயர், எங்களுக்குள் ஒரு பெயர். திடலில் பிறந்தது முதல் செத்ததுவரை ஒருவரும் அவனை ழோசெஃப் என்று கூப்பிட்டதில்லை. அவன் அம்மாவே அந்தப் பெயர் சொன்னால் திரும்பிப் பார்த்திருக்க மாட்டாள்.

"தாராளமா மாட்டுங்க, மிஸ்யே" என்றாள் மின்னா. "யாரோ ஒரு ழோசெஃப். நல்ல ஆளாத்தான் இருக்கணும்."

ஓபெர்லே ஏன் எல்லோரும் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் தானும் சிரித்தார். போகும்போது இன்னொன்று சொன்னார். திறப்பு விழாவில் ஊர் இசைப்பள்ளி வாத்தியக் குழு அந்த வால்ஸை வாசிக்கப் போகிறது. அப்பாவின் கூடத்தில் அத்தனை ஞாயிற்றுக்கிழமை கேட்டதை நினைவில் வைத்து அவரே எழுதிக்கொடுத்திருக்கிறார். மின்னாவின் ஆணை எங்கள் ஆட்களைத்தான் கட்டும், ஊர்க்காரர்களைக் கட்டாது. அவள் தடுக்கவில்லை. தடுக்காதது மட்டுமல்ல, அந்த விழாவுக்கு நாள் எண்ணினாள். தொலைந்துபோன அந்தச் சுரம் அங்கே கிடைத்துவிடும் என்ற ஆசை.

விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். எங்கள் ஆட்கள் எல்லோரும் இருக்கிற நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு போய்க் கூடத்தின் பின்பக்கச் சுவரை ஒட்டி நின்றோம். மின்னா கறுப்புப் பாவாடையோடு முன் வரிசையில், ஓபெர்லே துடைத்துப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்தாள். மேயர் யாரோ ஒரு ழோசெஃபைப் பற்றி நெடுநேரம் புகழ்ந்து பேசினார். நாங்களும் நன்றாகக் கைதட்டினோம்.

பிறகு இசைப்பள்ளிப் பிள்ளைகள் வாசித்தார்கள். பாவம், குறை சொல்லக் கூடாது, சுத்தமாகத்தான் வாசித்தார்கள். தொடக்கத்தைக் கேட்டதும் மின்னாவின் கண் நிறைந்தது. அந்த இடம் நெருங்கியது. அவள் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் பாட்டு நிற்கவில்லை. தயங்கவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று வழுக்கிக்கொண்டு போய் ஒழுங்காக முடிந்துவிட்டது. ஓபெர்லே எதையும் நேர்த்தியாகச் செய்கிறவர். அந்த நொண்டலை ஏதோ பிழை, பீர் மயக்கத்தில் வந்தது என்று நினைத்து, எழுதும்போது திருத்திவிட்டார்.

ஜனங்கள் கைதட்டினார்கள். இனி இதுதான் அந்தப் பாட்டு. இந்தப் பிள்ளைகள் இதை வாசிப்பார்கள், இவர்களிடம் கேட்டு இன்னொருவன் வாசிப்பான். பீட்ரூட் வயலும் ஒடிந்த குதிகாலும் இல்லாத ஒரு வழவழப்பான வால்ஸ், யாரோ ஒரு ழோசெஃபின் வால்ஸ். கேட்டால் என்ன ஆகுமோ என்ற பயம் மின்னாவுக்கு இருந்தது. கேட்காவிட்டால் என்ன ஆகும் என்பது இப்போது கண்ணெதிரே நடந்துவிட்டது.

அவள் எழுந்து நின்று பின்னால் திரும்பினாள்.

"ஹன்ஸோ, கிட்டார் கொண்டு வந்திருக்கியா?"

"கார்ல இருக்கு, அண்ணி."

"எடுத்துட்டு வா."

எங்கள் ஆட்கள் சாவுக்குப் போனாலும் காரில் கிட்டார் இல்லாமல் போக மாட்டார்கள். ஹன்ஸோ கொண்டுவந்தான். நரைத்த தலை, கிழட்டு முழங்கால், ஆனாலும் தாளக்கை இரும்பு. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அண்ணி முகத்தைப் பார்த்தான். அவனுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அவள் வாயிலிருந்து வந்தாக வேண்டும்.

"என்ன வாசிக்க?" என்று கேட்டான்.

மின்னா ஒரு தடவை வாயைத் திறந்து மூடினாள்.

"பெர்லோவோட வால்ஸ" என்றாள்.

பின்சுவர் ஓரமாக நின்ற ஆண்கள் அத்தனை பேரும் தொப்பியைக் கழற்றினார்கள். எங்கள் பெண்களில் யாரோ ஒருத்தி விசும்பினாள். ஹன்ஸோ தாளத்தைப் பிடித்தான். வெறும் தாளம், மூன்று மூன்றாக. மேலே வாசிக்க ஆள் இல்லை. மின்னா கைகளை இறுகக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

அப்போது ரினோ வெளியே ஓடினான். அவன் பின்னால் இன்னும் இரண்டு பேர், பிறகு ஐந்தாறு பேர். ஜெர்மன் பக்கத்திலிருந்து இங்கே பெண் எடுத்து வந்தவன், பெர்லோவை உயிரோடு பார்த்தேயிராதவன், அவனும் ஓடினான். கார்க் கதவுகள் படபடவென்று அடித்தன. கிட்டார்களோடு வந்து நின்ற இடத்தில் நின்று, உட்கார இடம் கிடைத்த இடத்தில் உட்கார்ந்து, எல்லோரும் சேர்ந்து எடுத்தார்கள்.

முதல் சுற்று கோணல்மாணலாக இருந்தது. அதை மறைப்பானேன்? சுரங்கள் ஒன்றுகூடத் தப்பவில்லை. ஆனால் வலது கைகள் ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்தன. ஒருவன் ஓங்கி அடித்தான், ஒருவன் தொட்டுத் தொட்டு எடுத்தான். பாட்டைத் தெரிந்தவர்கள்போலவும் இருந்தது, முதன்முதலாக வாசிக்கிறவர்கள்போலவும் இருந்தது. அப்படியே இடறி இடறி அந்த இடத்துக்கு வந்தார்கள்.

வந்து, நின்றார்கள். அத்தனை கிட்டாரும் ஒரே சமயத்தில் நின்றது. மின்னாவின் கால் காற்றில் தொங்கியது. பிறகு பொத்தென்று இறங்கிப் பிடித்துக்கொண்டார்கள், சரியாக அந்தச் சுரத்தில், அவள் எத்தனையோ காலைகளில் தேடித் தேடித் தொலைத்த அதே சுரத்தில்.

மின்னா வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். இரண்டாவது சுற்றில் கைகள் எல்லாம் ஒன்று சேர்ந்தன. அடேயப்பா, அந்தக் கூடம் அதிர்ந்ததைப் பார்த்திருக்க வேண்டும். பெர்லோ அடி! ஒவ்வொருவன் கையிலும் பெர்லோ அடி! மேயர் தன் பெண்டாட்டியோடு ஆடப் போய், நொண்டல் வந்த இடத்தில் தடுமாறி மேஜையைப் பிடித்துக்கொண்டார். இசைப்பள்ளிப் பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள்.

முடிந்ததும் ஓபெர்லே தயங்கித் தயங்கி மின்னாவிடம் வந்தார். "நான் அத பிழைன்னு நெனச்சுட்டேன், மதாம்" என்றார்.

"அது என் காலு, மிஸ்யே" என்றாள் மின்னா.

அவருக்கு அது புரிந்ததோ என்னவோ, மறுநாளே பள்ளிக்குப் போய் எழுதியதைத் திருத்தினார் என்று கேள்வி. கூடத்திலோ மின்னா அதற்குள் ரினோவின் சட்டையைப் பிடித்துவிட்டாள். யாரும் வாசிக்கவில்லையே, திடலில் ஒரு சத்தம்கூட வரவில்லையே, பிறகு எப்படி என்று உலுக்கினாள். ரினோ கிட்டாரை மடியில் வைத்து, வலது கையைத் தொடை மேல் போட்டான். இடது கை விரல்கள் மட்டும் கம்பிகளை அமுக்கிக்கொண்டே வால்ஸின் முதலிலிருந்து ஓடின. சத்தமே இல்லை.

"நீங்க வாசிக்கக் கூடாதுன்னுதானே சொன்னீங்க, பெரியம்மா" என்றான். "நாங்க வாசிக்கல. வெரல மட்டும் வச்சோம்."

"இத்தன வருஷமா?"

"தெனமும்."

மின்னா அவனையே பார்த்தாள். மடியில் கிட்டாரோடு சும்மா உட்கார்ந்திருந்த அத்தனை தடிமாடுகளும் அவள் கண்முன் வந்தார்கள். அவன் முதுகில் ஒரு அறை வைத்தாள், பிறகு அவன் இடது கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

"ஏண்டா, ஒருத்தனுக்காவது எங்கிட்ட வந்து கேக்கணும்னு தோணலயா?" என்றாள் அழுதுகொண்டே.

"உங்ககிட்ட எப்படி அண்ணி கேக்கறது?" என்றான் ஹன்ஸோ. "நீங்க ஏன் சொல்லல?"

"நீங்க கேப்பீங்கன்னுதான் இருந்தேன்."

அதைக் கேட்டு முதலில் சிரித்தது ஹன்ஸோவின் பெண்டாட்டி. பிறகு எல்லோரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே அழுதோம். அன்று சாயங்காலத்துக்குள் பெர்லோ, பெர்லோ என்று அந்தப் பெயரைச் சொல்லிச் சொல்லியே தொண்டை கட்டிவிட்டது எங்களுக்கு. மீசை எண்ணெய், சரவிளக்கு, கறுப்பு வெள்ளை ஷூ எல்லாம் திரும்பி வந்தன. வாசலில் மட்டும் அந்த ழோசெஃப் தொங்கிக்கொண்டிருந்தான். இன்றும் தொங்குகிறான், நல்ல மனுஷன், யாருக்கும் தொந்தரவில்லை.

மறுநாள் மத்தியானம் ஹன்ஸோவின் கேரவன் வாசலில் முள்ளெலி வெந்தது. எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள். பழக்கத்தில் யாரோ காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்க்கப் போனார்கள். அதற்குள் மின்னா தட்டை எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். ஹன்ஸோவின் பெண்டாட்டி நல்ல துண்டாகப் பார்த்து எடுத்து வைத்தாள். மின்னா நின்றபடியே முதல் வாய் வைத்து, மெதுவாக மென்று விழுங்கினாள்.

"பூண்டு பத்தல" என்றாள்.

பிறகு உட்கார்ந்து, சட்டியை வழித்துச் சாப்பிட்டாள்.